அழாத பிள்ளைக்கு யார் பால் கொடுப்பது?

விழாத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னர் உரையாற்றிய குழந்தைநல மருத்துவர் அவர்களே, பெற்றோர் சங்கத்தின் செயலாளர் அம்மையார் அவர்களே, சிறப்புப் பள்ளிகளின் ஆசிரியப் பெருமக்களே, பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்ற கவலையோடு வந்து, இப்போதும் கைப்பேசியைக் கையில் பிடித்தபடியே அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

தலைவர் அவர்கள் என்னை அறிமுகம் செய்தபோது ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குக் கற்பிப்பதில் 30 ஆண்டு அனுபவம் உடையவர் என்றார்கள். கணக்கில் 2 ஆண்டுகள் கூடிவிட்டன. அன்பினால் கூடியவை என்பதால் திருத்தாமல் ஏற்றுக்கொள்கிறேன். மருத்துவர் அவர்கள் தமக்குரிய நேரத்தில் 10 நிமிடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார்கள். ஒலிபெருக்கியைக் கையில் பிடித்தவர் நேரத்தை விட்டுக்கொடுப்பது எவ்வளவு அரிது என்பதை மேடை ஏறிய அனைவரும் அறிவோம். சங்கச் செயலாளர் அம்மையார் இந்தக் கூட்டத்திற்காக எனக்கு எத்தனை முறை நினைவூட்டினார்கள் என்பதைச் சொன்னால் என் மறதி வெளிப்பட்டுவிடும் என்பதால், நன்றியை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

ஆட்டிசம் உள்ள சிறு குழந்தையின் வீட்டில் ஒரு மரணம் நேர்ந்தால் என்ன செய்வது என்பது இன்றைய பொருள். மூன்று செய்திகளைச் சொல்ல எண்ணி வந்திருக்கிறேன். அக்குழந்தை துயரத்தை எப்படிக் காட்டும் என்பது ஒன்று. அதைத் தொடர்ந்து வரும் பதற்றத்தை எப்படித் தணிப்பது என்பது மற்றொன்று. தாயும் தந்தையுமே துயரத்தில் மூழ்கியிருக்கும்போது குழந்தையை யார் தாங்குவது என்பது மூன்றாவது. நான் 'ஆட்டிசம்' என்றே சொல்வதைச் சிலர் குறையாகக் கருதலாம். அதற்கு வழங்கும் 'மதியிறுக்கம்' என்ற தமிழ்ச் சொல்லை நான் பயன்படுத்துவதில்லை. இறுகிப்போன மதி எதையும் இக்குழந்தைகளிடம் நான் கண்டதில்லை.

'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. தேவையை வெளியே சொல்பவனுக்கே அது கிடைக்கும் என்று உலக வழக்கை அது உள்ளபடி சொல்கிறது. என் பணிக்காலம் முழுவதும் அந்தப் பழமொழியோடு நான் சண்டையிட்டு வந்திருக்கிறேன். அழாத பிள்ளைக்கு யார் பால் கொடுப்பது?

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். சற்று நீளமானது, பொறுத்தருள வேண்டும். என்னிடம் பயின்ற ஒரு சிறுவனுக்கு அப்போது 6 வயது. பேச்சு இல்லை, படம் ஒட்டிய அட்டைகளை எடுத்து நீட்டியே தன் விருப்பத்தைத் தெரிவிப்பான். நாள்தோறும் மாலை 4 மணிக்கு அவனை அழைத்துச் செல்ல அவனுடைய தாத்தா வருவார். ஒருநாள் தாத்தா இறந்துவிட்டார். வீடு நிறைய மக்கள் அழுதுகொண்டிருக்க, இவன் சிரித்தான். பிறகு தாத்தாவின் செருப்புகளைச் சுவரோரம் நேராக அடுக்கினான், யாரோ நகர்த்தினார்கள், மறுபடியும் அடுக்கினான். 'பாவம், இவனுக்கு ஒன்றும் புரியவில்லை' என்று உறவினர்கள் சொன்னார்கள். தாத்தா எங்கே என்று காட்டி அவன் தாயை இழுத்தபோது, 'தாத்தா தூங்குகிறார்' என்று சொல்லும்படி ஒருவர் அறிவுரை கூறினார். அப்படிக் கூறியவள் நான்தான். இரக்கத்தால் சொன்னேன், அறிவோடு சொல்லவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து அவன் உறங்க மறுத்தான். நள்ளிரவில் எழுந்து, உறங்கும் தாயின் கண்ணிமையை விரலால் பிரித்துப் பார்த்தான். பகலில் காதைப் பொத்திக்கொண்டான், கையைக் கடித்துக்கொண்டான், கழிப்பறைப் பழக்கத்தை மறந்தான். நாங்கள் இதையெல்லாம் 'நடத்தைச் சிக்கல்' என்று பதிவேட்டில் எழுதினோம். இடையில் வேறொரு சிறு தொல்லை. அவனுடைய அட்டைத் தொகுப்பில் 'தூங்கு' அட்டை மட்டும் காணாமல் போனது. புதிதாக ஒன்று செய்து ஒட்டினோம், அதுவும் போனது. மூன்றாவது அட்டையும் போனபோது அந்தத் தாய், 'டீச்சர், மற்ற அட்டை எல்லாம் இருக்கிறது, இது மட்டும் எங்கேதான் போகிறது?' என்று கேட்டார். ஆறு வாரம் கழித்து வீட்டு அலமாரியை நகர்த்தித் துடைத்தபோது, மூன்று அட்டைகளும் அதன் பின்னால் கிடந்தன. யாரும் தூங்கக் கூடாது என்று அவன் ஆறு வாரமாக எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

அன்று மாலை நானும் அந்தத் தாயும் அமர்ந்து ஓர் அட்டை வரைந்தோம். 'இறந்துவிட்டார்' என்று எழுதினோம். உடல் இயங்குவது நின்றுவிட்டது, மூச்சு இல்லை, வலி இல்லை, திரும்பி வரமாட்டார் என்று நான்கு படங்களை அதன் கீழே வரிசையாகப் போட்டோம். பிறகு அந்தத் தாய் படுத்துக்கொண்டு, மகனின் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்து, மூச்சு ஏறி இறங்குவதைக் காட்டி, 'இது தூக்கம்' என்றார். அவன் உடனே தேறிவிட்டான் என்று சொன்னால் நீங்கள் கைதட்டுவீர்கள். ஆனால் அது உண்மையில்லை. இன்னும் பல மாதங்கள் இரவில் எழுந்தான். எழுந்தபோது கண்ணிமையைப் பிரிக்காமல் மார்பில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

மரணம் மீளாதது, எல்லாருக்கும் நேர்வது, அதன்பின் உடல் இயங்காது என்ற கருத்துகளைப் பெரும்பாலான குழந்தைகள் 5 முதல் 7 வயதுக்குள் எட்டுகிறார்கள் என்று 1984ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும் ஒரு குழந்தையிடம் 'தூங்குகிறார்', 'தொலைதூரம் போயிருக்கிறார்' என்று சொன்னால், அக்கருத்துகளுக்குச் செல்லும் வழியையே நாம் அடைத்துவிடுகிறோம்.

பதற்றத்திற்கு வருகிறேன். 1943இல் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோதே, எதுவும் மாறாதிருக்க வேண்டும் என்ற அவர்களின் தவிப்பைக் குறித்துவைத்தார். 2011இல் 31 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள், ஆட்டிசம் உள்ள குழந்தைகள், வளரிளம் பருவத்தினரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு பதற்றக் கோளாறு இருப்பதைக் கண்டார்கள். அந்தச் சிறுவன் இழந்தது தாத்தாவை மட்டுமா? 4 மணியையும் அல்லவா இழந்தான்? ஆகவே மரணத்தைச் சொல்லும்போதே, இனி யார் அழைத்துச் செல்வார் என்பதையும், எவையெல்லாம் மாறாமல் இருக்கும் என்பதையும் படத்தால் காட்டிவிட வேண்டும். ஒரே கேள்வியை நூறு முறை கேட்டால் நூறு முறையும் அதே சொற்களில் விடை சொல்லுங்கள். சொல்லை மாற்றினால் செய்தியே மாறிவிட்டது என்று குழந்தை அஞ்சும். 'நீயும் சாவாயா?' என்று கேட்டால், மாட்டேன் என்று பொய் சொல்லாதீர்கள். 'பெரும்பாலானோர் மிகவும் முதுமையடைந்த பிறகே இறக்கிறார்கள். நான் இப்போது நலமாக இருக்கிறேன்' என்பது போதும்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். மூன்றாவது செய்தியை மருத்துவர் அவர்களின் நிறைவுரைக்கு விட்டுவிட்டு, நான் எந்த மேடையிலும் கேட்காமல் இறங்காத ஒன்றைக் கேட்கிறேன். பட அட்டையை எடுத்து நீட்டி விருப்பத்தைத் தெரிவிக்கும் படப் பரிமாற்ற முறையை அமெரிக்காவின் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் 1985இல் உருவாக்கினார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், நான் பார்க்கும் தொகுப்புகளில் 'வேண்டும்', 'போதும்', 'கழிப்பறை' என்பவை இருக்கின்றன; 'இறந்துவிட்டார்', 'அவரைத் தேடுகிறேன்', 'பயமாக இருக்கிறது' என்பவை இல்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்றால், அழுவதற்கான அட்டையையாவது அந்தப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டாமா? வீட்டில் மரணம் நேர்ந்த பிறகு அதைத் தேடாதீர்கள். வாடிய இலையையோ இறந்த பூச்சியையோ காட்டி இப்போதே கற்றுக்கொடுங்கள். துயரமில்லாத நாளில் கற்ற சொல்தான் துயர நாளில் கைக்கு வரும்.

அரங்கின் வாயிலில், தொகுப்புகளில் இல்லை என்று நான் சொன்ன அந்த மூன்று அட்டைகளையும் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு தொகுப்பு எடுத்துச் செல்லுங்கள். ஒட்டும்போது 'இறந்துவிட்டார்' அட்டையைத் 'தூங்கு' அட்டைக்குப் பக்கத்தில் மட்டும் ஒட்டிவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.