பல்லி ஏன் விழவில்லை?
(நூலக வார விழா உரை, எழுத்து வடிவில்)

விழாத் தலைவர் அவர்களே, மாவட்ட நூலக அலுவலர் ஐயா அவர்களே, மழையையும் பாராமல் வந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, வாசகர் வட்டப் பெரியவர்களே, வாடகை வாங்காமல் மைக் செட் கட்டிக் கொடுத்த தம்பியே, முன்வரிசையில் முறுக்கும் கையுமாக இருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். எனக்குப் போர்த்திய பொன்னாடையை இந்த நூலகரம்மாவுக்கே போர்த்துகிறேன். நியாயமாக அது அவருக்குத்தான் சேரும்.

நூலகத்தில் பிள்ளைகள் ஆராய்ச்சி செய்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று செய்திகள்: கேள்வி பிறப்பது, புத்தகம் தேடுவது, குறிப்பெடுப்பது. முதலில் கேள்வி. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இன்றைக்கு ப்ராஜெக்ட் என்றால் கடையில் சார்ட் வாங்கி, அப்பா எழுத, அம்மா படம் ஒட்ட, பிள்ளை கத்தரிக்கோல் பிடிக்கிறது. கேள்வியே இல்லாமல் விடை தயாராகிவிடுகிறது.

ஒரு கதை. ஊர்ப்பெயர் வேண்டாம். அங்கே நூலகத்தில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், "பல்லி பத்தி புக் இருக்கா சார்?" என்றான். பொறுப்பில் இருந்தவர் தேடித் தேடி ஒரு பழைய பஞ்சாங்கத்தை எடுத்து நீட்டினார். பல்லி விழும் பலன்! இடது தோளில் விழுந்தால் என்ன, வலது காலில் விழுந்தால் என்ன என்று பக்கம் முழுக்க. பையன் பொறுமையாகப் படித்துவிட்டுச் சொன்னான்: "விழுந்தா என்ன ஆகும்னு கேக்கல சார். உத்தரத்துல தலைகீழா ஓடுதே, ஏன் விழலைன்னு கேட்டேன்."

(கைதட்டல் அவனுக்குத்தான், எனக்கில்லை.)

விலங்கியல் புத்தகம் இருந்தது, கண்ணாடி பீரோவுக்குள். சாவி இன்னொருவரிடம், அவர் விடுப்பில். பத்து நாள் நடந்தான் பையன். கடைசியில் கிடைத்த புத்தகம் பல்லியின் பாதம் காற்றை உறிஞ்சி ஒட்டுகிறது என்றது. பக்கத்திலிருந்த புதிய புத்தகமோ, உறிஞ்சலும் இல்லை, பசையும் இல்லை, பாதத்தில் லட்சக்கணக்கான நுண்மயிர்கள் என்றது. மூலக்கூறுகளின் ஈர்ப்பே அதைத் தாங்குகிறது என்று 2002இல்தான் சோதனை செய்து காட்டினார்கள். "சார், ரெண்டு புக்கும் வேற வேற சொல்லுது!" என்று ஓடிவந்தான். ஐயா, ஆராய்ச்சி அந்த இடத்தில்தான் தொடங்கியது. மறுநாள் ஈரச் சுவரில் பல்லி நிற்குமா என்று குளியலறைச் சுவரில் தண்ணீர் ஊற்றி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அது வேறு.

அழுத பிள்ளைக்குப் பால் உண்டு, சரி. பால் பீரோவுக்குள் இருந்தால்?

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்தவர். 1931இல் அவர் நூலகங்களுக்காக எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதியே புத்தகம் பயன்பாட்டுக்கு என்பதுதான். வாசகர் தாமே அலமாரிக்குப் போய் எடுக்க வேண்டும் என்று போராடியவர் அவர். சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் இங்கேதான் வந்தது. நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் போகிறது. காசு நம்முடையது, பூட்டு மட்டும் யாருடையது? பிள்ளைகள் நூல் இருக்கும் பீரோக்களின் பூட்டைக் கழற்ற வேண்டும். பத்துப் புத்தகம் தொலையட்டும், கணக்கில் எழுதிக்கொள்வோம். ஞாயிறு சாயங்காலமும் கதவு திறந்திருக்க வேண்டும்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மற்ற இரண்டு செய்திகளை அடுத்த வருஷம் கூப்பிட்டால் சொல்கிறேன். வாசலில் மேசைமேல் மனு இருக்கிறது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். பெரியவர்களும் கொஞ்சம் அழலாம். கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபிக்குப் போங்கள். பேனாவை மட்டும் திருப்பி வைத்துவிடுங்கள், போன தடவை இரண்டு காணோம்.