ஒன்பது மாசம் பொறுக்க முடியாதா?

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் வந்து மைக்கையே ஆட்டிவிட்டுப் போன எதிரணி அண்ணன் அவர்களே, மிசிசாகாவின் இந்தக் குளிரிலும் வந்து உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் வணக்கம்.

டிராஃப்டில் எடுக்கப்பட்ட ஐஸ் ஹாக்கி வீரர் கல்லூரியிலேயே இருக்கிறேன் என்றால் ரசிகர் கோபப்படுவது நியாயமா, இல்லையா? டிராஃப்ட் என்றால், என்எச்எல் என்கிற வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கின் அணிகள் முறை வைத்து இளம் வீரர்களை ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வது. நியாயமில்லை என்று பேச என்னை நிறுத்தியிருக்கிறார்கள். கேட்டுத்தான் வாங்கினேன்.

அண்ணன் உருக்கமாகப் பேசினார். எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் இருக்கிற பஃபலோ சேபர்ஸ் அணி ரசிகனின் வயிற்றெரிச்சலைப் பாருங்கள் என்றார். 2011-க்குப் பிறகு அதுவரை அவர்கள் பிளேஆஃப் பக்கமே, அதாவது சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கிற ஆட்டங்கள் பக்கமே, போகவில்லை. 2020-21 சீசனில் தொடர்ந்து 18 ஆட்டம் தோற்றுக் கடைசி இடத்தில் நின்றார்கள். அவ்வளவு அழுததற்குக் கிடைத்த ஒரே மிட்டாய் 2021 டிராஃப்டின் முதல் தேர்வு. அதில் எடுத்தது நம்ம ஊரில் பிறந்த ஓவன் பவரை. ஆறடி ஆறங்குல டிஃபென்ஸ்காரர். அவரோ, இன்னும் ஒரு வருடம் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு வருகிறேன் என்றார். முதல் தேர்வான ஒருவர் நேரே என்எச்எல்லுக்கு வராமல் கல்லூரிக்குப் போனது 2006-இல் எரிக் ஜான்சனுக்கு அப்புறம் இவர்தான். எரியாதா வயிறு என்று கேட்டார்.

எரியும் அண்ணே. எங்கள் வீட்டிலேயே எரிந்தது. என் வீட்டுக்காரர் டொராண்டோ டிக்கெட் விலைக்குப் பயந்து பாலம் தாண்டிப் போய் பஃபலோ ரசிகரானவர். முதுகில் 'பவர்' என்று அச்சடிக்கக் கடைக்கு ஒரு ஜெர்சியை எடுத்துப் போனார். வரிசையில் நிற்கும்போதே ஃபோனில் செய்தி வந்துவிட்டது. ஜெர்சி வெறும் முதுகோடு வீட்டுக்குத் திரும்பியது. அன்றைக்கு நான் வைத்த மீன்குழம்பில்கூட அவருக்கு உப்பு தெரியவில்லை.

சரி, எத்தனை நாள் காத்திருந்தார்கள்? டிராஃப்ட் 2021 ஜூலை 23. பவர் பஃபலோவுக்காக முதல் ஆட்டம் ஆடியது 2022 ஏப்ரல் 12. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஒன்பது மாசம்கூட முழுசாக ஆகவில்லை! இங்கே உட்கார்ந்திருக்கிற அம்மாக்களைக் கேளுங்கள், அதற்குள் என்னென்ன நடக்கும், எவ்வளவு பொறுக்க வேண்டியிருக்கும் என்று.

அந்த ஒன்பது மாசத்தில் பஃபலோ எதை இழந்தது? அந்த சீசனில் சேபர்ஸ் எடுத்தது 75 புள்ளி. அவர்கள் ஆடுகிற கிழக்குப் பாதியில் பிளேஆஃபுக்குக் கடைசியாக நுழைந்த வாஷிங்டன் எடுத்தது 100. நடுவில் 25 புள்ளிப் பள்ளம். பதினெட்டு வயதில் டிராஃப்ட் ஆன ஒரு பையன் வந்து அந்தப் பள்ளத்தை மூடியிருப்பானா?

அவசரமாக வந்தால் என்ன ஆகும் என்று பஃபலோவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கேசி மிட்டல்ஸ்டட் 2017-இல் எட்டாவது தேர்வு. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரே வருடம் ஆடிவிட்டுக் கிளம்பி வந்தார். முதல் முழு சீசனில் 77 ஆட்டம், போட்ட கோலும் போட உதவிய கோலும் சேர்த்து 25தான். அடுத்த டிசம்பரில் கீழ் லீக்குக்கு, ராச்செஸ்டருக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு ஏன் சீக்கிரம் வந்தாய் என்று கத்தியதும், பவரை ஏன் வரவில்லை என்று கத்தியதும் ஒரே தொண்டைதான். ராஸ்மஸ் டாலின் 2018-இன் முதல் தேர்வு, அதே டிஃபென்ஸ். நேரே வந்தார், நன்றாகவே தொடங்கினார். மூன்றாவது சீசனில் 56 ஆட்டத்தில் மைனஸ் 36. ஆள் கூடுதலாக இருக்கிற அணி போடுகிற கோல்களை விட்டுவிட்டுப் பார்த்தால், அவர் பனியில் இருந்தபோது அணி போட்டதைவிட வாங்கியது 36 கோல் அதிகம். லீக்கிலேயே மோசமான கணக்கு அதுதான். அவரிடம் திறமை இல்லையா? இருந்தது, பின்னால் அணித் தலைவராகவே ஆனார். ஆனால் தோற்றுக்கொண்டே இருக்கிற அணியில் வளர்வது எப்படியிருக்கும் என்பதற்கு அந்த மைனஸ் 36 போதும்.

பவர் 2021 மே, ஜூனில், டிராஃப்டுக்கு முன்னாலேயே, உலக சாம்பியன்ஷிப்பில் கனடாவுக்காகப் பெரியவர்களோடு ஆடித் தங்கம் வாங்கியவர், அவருக்கு இன்னும் என்ன பாடம் என்று அண்ணன் கேட்டார். டிஃபென்ஸ்காரரின் வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். பக், அதாவது ஆடுகிற அந்த ரப்பர் வட்டு, நம் மூலையில் போய் விழுகிறது. முதுகைக் காட்டிக்கொண்டு அதை எடுக்கப் போக வேண்டும். பின்னாலேயே ஒருவன் முழு வேகத்தில் வருகிறான். எடுப்பதற்கு முன்னால் தோளுக்கு மேல் இரண்டு தடவை திரும்பிப் பார்த்து, அவன் எந்தப் பக்கமாக வருகிறான், நம்ம ஆள் எங்கே நிற்கிறான் என்று மனசில் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தத் திரும்பிப் பார்த்தல் பழக்கத்தில்தான் வரும். பழக நேரம் வேண்டும். என்எச்எல்லில் அந்த சீசனில் ஒரு அணிக்கு 82 ஆட்டம், பாதி வாழ்க்கை விமானத்தில். கல்லூரியில் பெரும்பாலும் வெள்ளியும் சனியும் ஆட்டம், மற்ற நாளெல்லாம் பயிற்சி, ஜிம், வகுப்பு. இருபது வயதுக்குள் உடம்பைத் தேற்ற இதைவிட நல்ல அட்டவணை எது?

இன்னொன்றை அண்ணன் சொல்லாமலே விட்டுவிட்டார். பவரின் முதல் கல்லூரி வருடம் கொரோனா வருடம். 2021 மார்ச்சில் தேசியப் போட்டிக்குப் போன இடத்தில் அணியில் தொற்று வந்து, மிச்சிகன் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் திரும்பியது. அடுத்த வருடமோ, டிராஃப்டின் முதல் ஐந்து பேரில் நாலு பேர், பவர், பெனியர்ஸ், லூக் ஹியூஸ், கென்ட் ஜான்சன், ஒரே அணியில்! அந்தப் பந்தியை விட்டுவிட்டு எழுந்து வா என்று எப்படிச் சொல்வீர்கள்? பாஸ்டனில் அரையிறுதி வரை போய் டென்வரிடம் கூடுதல் நேரத்தில் தோற்றார்கள். அடுத்த நாளே பஃபலோவுடன் ஒப்பந்தம்.

இப்போது எதிரணியின் பெரிய பூச்சாண்டி, ஜிம்மி வீசி. நாஷ்வில் 2012-இல் எடுத்த வீரர். ஹார்வர்டில் நாலு வருடமும் இருந்தார், கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். கல்லூரி முடித்த வருடம் ஆகஸ்ட் 15 தாண்டினால் எடுத்த அணிக்கு உரிமை போய்விடும் என்பது அப்போதைய விதி. அவரோடு பேசும் உரிமைக்காக 2016-இல் தன் மூன்றாம் சுற்றுத் தேர்வை, அதாவது டிராஃப்டின் மூன்றாம் சுற்றில் ஒரு வீரரை எடுக்கும் முறையை, நாஷ்வில்லுக்குக் கொடுத்தது யார்? நம்ம பஃபலோதான். அவரோ நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குப் போனார். 2019-இல் அதே வீசியை வாங்க பஃபலோ இன்னொரு மூன்றாம் சுற்றுத் தேர்வைக் கொடுத்தது. ஒரே கடையில் ஒரே புடவைக்கு இரண்டு தடவை பணம் கட்டியவர்களைப் பார்த்து நான் சிரிக்கக்கூடாது. சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.

வீசி போன வழி தப்பா? டிராஃப்ட் என்பது பெண்ணைக் கேட்காமலே செய்கிற நிச்சயதார்த்தம் மாதிரி. எந்த ஊர், எந்த அணி என்று அந்தப் பையனிடம் யாரும் கேட்பதில்லை. எப்போது வருவது என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு இருக்கிற ஒரே வாசல் கல்லூரி. அதையும் அடைத்துவிட்டுத்தான் நமக்குச் சந்தோஷம் வேண்டுமா? கேல் மாக்கரை 2017-இல் கொலராடோ எடுத்தது. மாசசூசெட்ஸில் இரண்டு வருடம் இருந்தார். 2019 ஏப்ரல் 13-இல் கல்லூரி இறுதி ஆட்டத்தில் தோற்றார். 15-ஆம் தேதி என்எச்எல் பிளேஆஃபில் முதல் ஆட்டம், அதிலேயே கோல். 2022-இல் கோப்பையும் அந்த பிளேஆஃபின் சிறந்த வீரர் விருதும் வாங்கினார். காத்திருந்த கொலராடோ ரசிகர் இன்றைக்கு வட்டியோடு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

அண்ணன் சொன்னதில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். சீசன் கடைசியில் பவர் ஆடிய 8 ஆட்டத்துக்காக அவருடைய சம்பளம் குறைவான மூன்று வருட முதல் ஒப்பந்தத்தில் ஒரு வருடம் கரைந்தது. பணக் கணக்கில் பஃபலோவுக்கு அது நஷ்டம்தான். ஆனால் 2023 அக்டோபரில் அந்தப் பையன் ஓடவில்லை, அதே அணியில் ஏழு வருட ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தார்.

மணி அடித்துவிட்டார்கள். அந்த ஏப்ரல் 12 ஆட்டம் நடந்தது எங்கே தெரியுமா? டொராண்டோவில், அவர் வீட்டிலிருந்து கார் தூரத்தில். என் வீட்டுக்காரர் அன்றைக்கு மத்தியானமே அந்த வெறும் முதுகு ஜெர்சியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினார். எதிரணியில் அடுத்து வரப்போகிற தம்பி வந்ததும் முதலில் அந்த 25 புள்ளிப் பள்ளத்துக்குப் பதில் சொல்லட்டும். ஜெர்சிக் கதையை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.