மழை கேட்க ஒரு மண்டபம்

நேயர்களுக்கு வணக்கம். தோட்டத்தைப் பற்றி வானொலியில் என்ன பேசுவது, படம் காட்ட முடியாதே என்று முதலில் தயங்கினேன். சீனத்துச் சூசோ நகரத் தோட்டங்களுக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. காதையும் மனத்தில் வைத்துக் கட்டியவை அவை.

அங்கே சுவோசெங் யுவான் என்று ஒரு தோட்டம். பதவியை விட்டு ஊர் திரும்பிய வாங் சியென்சென் என்ற அதிகாரி 1509-இல் தொடங்கியது. ‘சாமர்த்தியம் இல்லாதவனின் ஆட்சி’ என்று பொருள். கீரைக்குத் தண்ணீர் விடுவதே என்னைப் போன்ற மந்தனுக்கு ஏற்ற அரசாங்கம் என்று பான் யுவே என்ற பழங்கவிஞர் எழுதியதிலிருந்து எடுத்த பெயர். பார்த்தால் தன்னடக்கம்; எனக்கென்னவோ அரண்மனைக்கு வைத்த குத்தல் என்றே படுகிறது. வாங் சியென்சென் காலத்துக்குப் பிறகு அவர் மகன் சூதாடித் தோட்டத்தைத் தோற்றான் என்பார்கள். அது வேறு கதை.

மேற்குப் பகுதியில், தாமரைக் குளத்தை ஒட்டி ஒரு மண்டபம். கோடை முடிந்தால் இலையெல்லாம் காய்ந்து கருகிவிடும். நாமாக இருந்தால் ஆள் வைத்து வாரிப் போடச் சொல்வோம். ஆனால் தாங் அரசமரபுக் காலத்துக் கவிஞர் லி ஷாங்யின், வாடிய தாமரை இலைகள் மிஞ்சியிருப்பதால் மழையோசை கேட்கிறது என்று பாடிவிட்டார். மண்டபத்தின் பெயரே அந்த அடியிலிருந்து வந்தது. இன்னொரு முற்றத்தில் வாழை நட்டிருக்கிறார்கள், அதுவும் மழைக்காகவே. வாழையிலையில் தூறல் விழும் சத்தம் நமக்குத் தெரியாததா? அதற்கென்று ஒரு கட்டடம் எழுப்பத்தான் தனி மனசு வேண்டும்.

விசிறி வடிவில் ஒரு சின்ன மண்டபமும் உண்டு. பெயர் ‘யாருடன் அமர்வது?’ பதில் கவிஞர் சூ ஷியுடையது: நிலா, காற்று, நான்.

கண்ணுக்கும் விருந்து இருக்கிறது. தண்ணீருக்கு மேலே, தூரத்தில், பெய்சு பகோடா என்ற அடுக்குக் கோபுரம் தெரியும். அது தோட்டத்துக்குச் சொந்தமில்லை, வெளியே நகரத்தில் நிற்பது. மரங்களுக்கு நடுவே இடைவெளி விட்டு அதை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். இதற்குக் ‘கடன் வாங்கிய காட்சி’ என்று பெயர். சி செங் 1631-இல் எழுதிய தோட்டக்கலை நூல் இதைப் பெரிய கலையாகவே பேசுகிறது.

1997-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த தோட்டம் இது. கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும். போகிறவர்கள் மழைநாளாகப் பார்த்து, கதவு திறந்ததும் நுழைந்துவிடுங்கள். நேரே அந்தத் தாமரைக் குளத்துக்குப் போங்கள்.