நம் சிக்கனத்துக்கு ஒரு திருவிழா

பெரியோர்களே, ஆச்சிமார்களே, இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பல்கேரியா நாட்டில் காப்ரோவோ என்றொரு நகரம் இருக்கிறது. பூனை நுழைந்ததும் கதவைச் சீக்கிரம் சாத்தினால் அறையின் சூடு வீணாகாது என்பதற்காகப் பூனையின் வாலையே நறுக்கிவிடுவார்கள், சக்கரம் தேய்ந்துவிடும் என்று இரவில் கடிகாரத்தை நிறுத்திவைப்பார்கள் என்றெல்லாம் அவ்வூராரின் கஞ்சத்தனத்தைச் சொல்லி நாடே சிரித்தது. அவர்கள் அதற்காகச் சண்டைக்குப் போகவில்லை. வாலறுந்த பூனையையே ஊரின் சின்னமாக்கிக்கொண்டார்கள். 1972 ஏப்ரல் 1ஆம் தேதி நகைச்சுவைக்கென்றே ஒரு மாளிகையைத் திறந்தார்கள். வேடமிட்டு ஊர்வலமும் போகிறார்கள்.

நம் செட்டிநாட்டைப் பற்றியும் இப்படிப் பேச்சு உண்டு. ஆயிரம் ஜன்னல் வைத்து வீடு கட்டுவோம், ஒரு விளக்குத்தான் ஏற்றுவோம் என்பார்கள். இதற்கு நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். என் அப்பத்தா கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில்தான் வீட்டுக் கணக்கை எழுதுவார். பொட்டலம் கட்டிவந்த சணலை அறுக்கவே விடமாட்டார். முடிச்சை நகத்தால் தளர்த்தி அவிழ்த்து, உருண்டையாகச் சுற்றிப் பெட்டகத்தில் வைப்பார். அதே கணக்கில் மகமைக்கென்று, அதாவது தருமத்துக்கென்று, ஒரு வரி எழுதியிருக்கும். எந்த மாதமும் அது விடுபட்டதில்லை.

அந்த ஒரு வரிதான் வெளியூரார் கண்ணில் படுவதில்லை. வியாபாரத்தில் வந்ததில் ஒரு பங்கைச் சாமி பேரில் பற்று வரவு வைத்து ஒதுக்கிய பழக்கம், காசியில் சத்திரமாக எழுந்து நிற்கிறது. கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். நாம் சிக்ரி என்று சொல்லும் மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். தாம் குடியிருந்த வீட்டையும் பெண்கள் கல்லூரிக்கென்று விட்டுக்கொடுத்தார். கணக்குப் பார்க்காதவரால் இவ்வளவு கொடுத்திருக்க முடியுமா என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே, வரும் தை மாதத்தில் ஒரு நாளை நம் சிக்கனத்துக்கென்று ஒதுக்குவோம். அழைப்பிதழை அரைத்தாளில் அச்சடிப்போம். ஓர் அஞ்சலட்டையில் அதிகச் செய்தி எழுதுகிறவருக்குப் பரிசு வைப்போம். கல்யாண வீட்டில் சாமான் பரப்புவதுபோல, எறிய மனமில்லாமல் அவரவர் பரணில் சேர்த்தவற்றையெல்லாம் வளவு முற்றத்தில் பரப்பிவைப்போம். கேலி நம்மைப் பற்றியதாக மட்டுமே இருக்கட்டும். அடுத்த ஊரையோ அடுத்த வீட்டையோ தொட வேண்டாம். பரப்பியதை மாலையில் ஏலம் விடுவோம். பாதயாத்திரைப் பூசையில் ஓர் எலுமிச்சம்பழத்தை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுக்கிற நமக்கு இது புதிதன்று. வரும் பணம் முழுவதும் நம் ஊரணியைத் தூர்வாருவதற்கு. மறுநாள் காலையிலேயே வரவு செலவு ஐந்தொகையைக் கோயில் வாசலில் ஒட்டிவிட வேண்டும், காசு பிசகாமல்.

முதல் சாமானை நானே கொண்டுவந்திருக்கிறேன். அப்பத்தாவின் சணல் உருண்டை இது. ஐந்நூறு ரூபாயில் தொடங்குகிறேன், கேளுங்கள்.