பக்கத்து வீடு ஆமிஷ் வீடாக இருந்தால்

[திரையில்: மேடு ஏறும் சாலை, தூரத்தில் சாம்பல் நிறக் குதிரை வண்டி]

வணக்கம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லங்காஸ்டர் கவுன்ட்டி. இங்கே நீங்கள் ஒரு வீடு வாங்கிவிட்டீர்கள், பக்கத்துப் பண்ணை ஆமிஷ் குடும்பத்துடையது என்று வைத்துக்கொள்வோம். ஆமிஷ் என்றால் பழைய முறையில் எளிமையாக வாழும் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். முதல் நாளே உங்களுக்கு ஒரு பட்டம் கிடைத்துவிடும்: 'இங்கிலீஷ்'. ஆமிஷ் அல்லாத எவரும் அவர்களுக்கு இங்கிலீஷ்தான், நீங்கள் உசிலம்பட்டியிலிருந்து வந்தவராக இருந்தாலும் சரி. அவர்கள் வீட்டில் பேசுவதற்குப் பெயர் பென்சில்வேனியா டச்சு. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது ஜெர்மனின் ஒரு வட்டார வழக்கு.

கொஞ்ச நாளில் உங்கள் கதவைத் தட்டுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகணும், காரில் கொண்டுபோய் விட முடியுமா, காசு கொடுத்துவிடுகிறோம் என்பார்கள்.

கார் வைத்துக்கொள்ளக் கூடாது என்பவர்கள் காரில் மட்டும் ஏறலாமா? இது ஊரை ஏமாற்றுகிற வேலை இல்லையா? புதிதாக வருகிற எல்லோரும் முதலில் இங்கேதான் சறுக்குவார்கள். ஆமிஷ் மக்கள் இயந்திரத்தைப் பாவம் என்று சொல்வதில்லை, அது வாசலில் வந்து நின்றால் குடும்பம் என்ன ஆகும் என்றுதான் பார்க்கிறார்கள். சொந்தக் கார் இருந்தால் நினைத்த நேரத்தில் நினைத்த ஊருக்குப் போகலாம், அப்புறம் பக்கத்து வீட்டுக்காரன் எதற்கு? குதிரை ஓடுகிற தூரத்துக்குள் வாழ்க்கை இருந்தால்தான் சபை கூடும், கொட்டகை எரிந்தால் ஊரே ஓடி வரும். எது கூடும், எது கூடாது என்பதற்கு 'ஆர்ட்னுங்' என்று ஒரு நடைமுறை ஒழுங்கு உண்டு, அது சபைக்குச் சபை மாறும். அதனால்தான் ஃபோன் வீட்டுக்குள் இல்லாமல் வயலோரச் சின்னக் குடிசையில் இருக்கிறது, பட்டறையில் இயந்திரங்கள் மின்கம்பி இல்லாமல் டீசல் எஞ்சின் அடைத்துத் தரும் காற்றழுத்தத்தில் ஓடுகின்றன. இதையெல்லாம் கேட்ட பிறகு எனக்கு அது போலித்தனமாகத் தெரியவில்லை, கணக்குப் பார்த்து வாழ்கிறவர்களாகத்தான் தெரிகிறார்கள். இந்தக் கணக்கில் உங்கள் காருக்கும் ஒரு இடம் இருக்கிறது. மைலுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஆமிஷ் குடும்பங்களை ஏற்றிச் செல்வதையே தொழிலாக வைத்திருக்கும் 'இங்கிலீஷ்'காரர்கள் இங்கே நிறைய.

[திரையில்: வண்டியின் பின்னால் ஆரஞ்சு முக்கோணம்]

சாலையில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். குதிரை வண்டி மணிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் போகும். நீங்கள் எண்பதில் மேடேறி இறங்கும்போது அது எதிரே நிற்பதுபோலத்தான் இருக்கும், பிரேக் போட நேரம் இருக்காது. சாணி, லாடம் பட்டுத் தேய்ந்த தார் பற்றியெல்லாம் புலம்பல் உண்டு, பழகிவிடும்.

இவர்கள் வரி கட்டுவதில்லை என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். தப்பு. வருமான வரி, சொத்து வரி, தங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் போகாத அரசுப் பள்ளிக்கான வரி எல்லாம் கட்டுகிறார்கள். சுயதொழில் செய்பவர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு வரியிலிருந்து, அதாவது முதுமைக்கால ஓய்வூதியம் போன்றவற்றுக்கான வரியிலிருந்து மட்டும் 1965-இல் விலக்கு கிடைத்தது, அந்தப் பலனையும் அவர்கள் வாங்குவதில்லை. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி, அதை 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. ஒரு பெண் குழந்தை மேலே படிக்க ஆசைப்பட்டால் என்ன செய்வாள் என்பது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.

பழக ஆசையா? பிப்ரவரி, மார்ச்சில் 'மட் சேல்' என்ற ஏலங்களுக்குப் போங்கள். பனி உருகி மைதானம் சேறாகிற காலம், அதனால் அந்தப் பெயர். மெத்தை விரிப்பு, குதிரை, கலப்பை எல்லாம் ஏலம் போகும், பணம் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு. அந்தப் படையில் ஆமிஷ் ஆட்களும் உண்டு. தீயணைப்பு வண்டியை ஓட்ட மாட்டார்கள், ஏறி வந்து தீயை அணைப்பார்கள்.

கேமராவை முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள், பிடிக்காது. முட்டை வேண்டுமென்றால் சனிக்கிழமைக்குள் வாங்கிவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை விற்பனை கிடையாது.