தங்கத்துக்கு அப்புறமும் நடந்தவர்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு முழுக்க ஒரே ஒருவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன், இத்தாலியின் நடைப்போட்டி வீராங்கனை அந்தோனெல்லா பால்மிசானோ. இடுப்பை ஆட்டிக்கொண்டு நடப்பதெல்லாம் ஒரு விளையாட்டா என்று போன தடவை சிலர் கேட்டிருந்தீர்கள். சரி, அந்த இடுப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன், இவருடைய கதையும் அங்கேதான் இருக்கிறது.

விதி இரண்டுதான். ஏதாவது ஒரு பாதம் எப்போதும் தரையில் இருப்பது நடுவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முன்னால் வைக்கிற கால், தரையைத் தொட்டதிலிருந்து உடம்புக்கு நேர் கீழே வருகிறவரை முழங்காலில் மடங்கக் கூடாது. குதிக்கவும் முடியாது, மடக்கவும் முடியாது என்றால் வேகம் எங்கிருந்து வரும்? இடுப்பு சுழன்று சுழன்று எட்டை நீளமாக்குகிறது, அதுவும் 20 கிலோமீட்டர் முழுக்க, ஒவ்வொரு எட்டுக்கும்.

பால்மிசானோ பிறந்தது தெற்கு இத்தாலியில், புலியா பகுதியில் இருக்கிற மொத்தோலா என்ற ஊரில், 1991 ஆகஸ்ட் 6. 2010இலேயே உலகக் கோப்பை ஜூனியர் பிரிவில் ஜெயித்துவிட்டார். அப்புறம் 2015 பெய்ஜிங் உலகப் போட்டியில் 5ஆம் இடம், 2016 ரியோ ஒலிம்பிக்கில் 4ஆம் இடம், 2017 லண்டன் உலகப் போட்டியில் வெண்கலம். இன்னொன்று, போட்டி என்றால் தலையில் பூ இருக்கும். நிஜப் பூ இல்லை, அம்மா துணியில் கையால் செய்து கொடுத்தது. நமக்குத் தலையில் பூ வைப்பது புதிதில்லை, ஆனாலும் அத்தனை பேர் நடுவில் அந்தப் பூவை வைத்தே அவரை அடையாளம் கண்டுபிடிப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இப்போது 2021 ஆகஸ்ட் 6. தேதியைக் கவனித்தீர்களா, அவருடைய 30ஆவது பிறந்தநாள். டோக்கியோ வெயிலுக்குப் பயந்து ஒலிம்பிக் நடைப்போட்டியை வடக்கே சப்போரோவுக்கு மாற்றியிருந்தார்கள், அங்கேயும் வெயில் விடவில்லை. முந்தின நாள்தான் ஆண்கள் போட்டியில் அதே புலியாவைச் சேர்ந்த மாசிமோ ஸ்தானோ தங்கம் வாங்கியிருந்தார். நம்ம பிரியங்கா கோஸ்வாமியும் இந்தப் பெண்கள் போட்டியில் இருந்தார், ஆரம்பத்தில் முன்னணியில் நடந்து கடைசியில் 17ஆவதாக வந்தார். பால்மிசானோ அவசரப்படவே இல்லை. கூட்டத்தோடு பொறுமையாக வந்து, கடைசிச் சில கிலோமீட்டர்களில்தான் பிரிந்து போனார். 1 மணி 29 நிமிடம் 12 நொடியில் தங்கம். கிலோமீட்டருக்கு நாலரை நிமிடம்கூட ஆகவில்லை, ஓடாமல்! பொறுமை ஏன் முக்கியம் என்றால், பதக்கத்தைத் துரத்திக்கொண்டிருந்த பிரேசிலின் எரிகா டி சேனாவுக்குக் கடைசிச் சுற்றில், நடை விதியை மீறியதாக 2 நிமிடத் தண்டனை கிடைத்தது. ஒதுங்கி நிற்க வேண்டியதாகி, 11ஆம் இடத்துக்குப் போய்விட்டார். அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

பெரும்பாலும் எல்லாரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இவர்மேல் மரியாதை கூடியது இதற்கு அப்புறம்தான். தங்கம் கொடுத்த அதே இடுப்பு அவரைப் படுத்த ஆரம்பித்தது. 2022இல் உலகப் போட்டியும் போனது, ஐரோப்பியப் போட்டியும் போனது. இடுப்பால் பிழைக்கிற ஒரு விளையாட்டில் இடுப்பே போனால் என்ன செய்வது, கையில் ஒலிம்பிக் தங்கம் இருக்கிறது, போதும் என்று நிறுத்தியிருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் நிறுத்தவில்லை. 2023இல் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் வெண்கலம். 2024 ஜூனில் ரோமில், சொந்த நாட்டு மக்கள் முன்னால், ஐரோப்பியத் தங்கம். இரண்டாவதாக வந்ததும் இத்தாலிக்காரர்தான், வாலந்தினா திராப்லெத்தி.

இரண்டே மாதத்தில் பாரிஸ் ஒலிம்பிக். அங்கே போட்டியை முடிக்கவே முடியவில்லை, பாதியில் விலகினார்.

அதற்கும் அடுத்த வருடம், 2025 செப்டம்பரில், 34 வயதில், 20 கிலோமீட்டரைவிட நீளமான 35 கிலோமீட்டர் நடந்து உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார். எங்கே தெரியுமா? டோக்கியோவில். டோக்கியோ ஒலிம்பிக் சாம்பியன் என்று பெயர், ஆனால் 2021இல் அவர் நடந்தது சப்போரோ தெருவில், கொரோனாவால் பார்க்க வர வேண்டாம் என்று ஜனங்களிடம் சொல்லியிருந்த நேரத்தில். இந்த முறை நிஜமாகவே டோக்கியோவில் நடந்தார், ஸ்டேடியத்துக்குள் வந்தபோது கைதட்ட ஆட்கள் இருந்தார்கள்.