பேர் வாசித்த ஆளுநர்

வணக்கம் நேயர்களே. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்துக்கு 1901 முதல் 1906 தொடக்கம் வரை ஆளுநராக இருந்த ராபர்ட் லாஃபாலெட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். அங்கே ஆளுநர் நியமனப் பதவி அல்ல. மக்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். முதலமைச்சர் என்று தனியாக ஒருவர் கிடையாது.

இவர் அந்த நாற்காலிக்கு வர ரொம்பவே காத்திருந்தார். 1896, 1898 இரண்டு முறையும் அவருடைய ரிபப்ளிகன் கட்சியின் மாநாடு சீட்டுக் கொடுக்கவில்லை. சீட்டு யார் கையில் இருந்தது? அடிமட்டக் கூட்டம் பிரதிநிதிகளை அனுப்பும். அவர்கள் கூடி மாநில மாநாட்டுக்கு வேறு சிலரை அனுப்புவார்கள். ஒவ்வொரு படியிலும் ஆளை விலைபேசலாம். கீழே ஒருவருக்குக் கை தூக்கியிருப்பார்கள், மேலே இன்னொருவர் பேர் வரும். ரயில்வே, மரக் கம்பெனி முதலாளிகளுக்கு இது வசதி.

அதிகாரிகளுக்கு ரயிலில் ஓசிப் பயணம் என்று ஒன்றும் இருந்தது. இவருக்கு முன்பு ஆளுநராக இருந்தவர் ஸ்கோஃபீல்ட். அவருடைய பசுமாடே ஒகோன்டோவிலிருந்து தலைநகர் மாடிசனுக்குக் காசில்லாமல் வந்து இறங்கியது. மனிதர்களுக்குப் பாஸ் என்றால் யாரும் கவனிப்பதில்லை. மாடு என்றதும் மாநிலமே சிரித்தது. அதிகாரிகளுக்கு ஓசிப் பாஸ் கூடாது என்ற சட்டம் 1899-இல், ஸ்கோஃபீல்ட் ஆட்சியிலேயே வந்தது.

சரி, வரிக்கு வருவோம். விவசாயி நிலத்தின் மதிப்புக்கு வரி கட்டினார். ரயில்வே மட்டும் மொத்த வருமானத்தில் ஒரு பங்கைக் கட்டியது. 1903-இல் அதற்கும் சொத்து மதிப்பில் வரி வந்தது. ஆனால் வரியை மட்டும் ஏற்றினால் என்ன ஆகும்? சரக்குக் கட்டணத்தை ஏற்றி, அதை விவசாயி தலையிலேயே கட்டிவிடுவார்கள். அதனால் கட்டணத்தை விசாரிக்க ஓர் ஆணையம் வேண்டும் என்றார் லாஃபாலெட். சட்டமன்றம் மறுத்துவிட்டது.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம். 1904 பிரசாரத்தில் அவர் சட்டமன்ற ஓட்டுப் பதிவைக் கையில் எடுத்துக்கொண்டு, மறுத்தவர்களின் தொகுதிக்கே போனார். வசைமொழி இல்லை. மசோதா இது, உங்கள் உறுப்பினர் இன்னார், அவர் போட்ட ஓட்டு இது என்று வரிசையாக வாசிப்பார். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? எந்த ஓட்டை வாசிப்பது என்பதில்தான் சூட்சுமம். மசோதாவைக் கொல்ல நினைப்பவர் நேரே எதிர்க்கமாட்டார். ஒரு திருத்தம் கொண்டுவருவார், தள்ளிப்போடச் சொல்வார், கடைசி ஓட்டில் ஆதரித்து நல்ல பேரும் வாங்கிக்கொள்வார். கடைசி ஓட்டை மட்டும் வாசித்தால் அவர் தப்பிவிடுவார். கழுத்தை நெரித்த ஓட்டு எதுவோ அதைத்தான் வாசிக்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், வாசித்தது அவரவர் ஊரிலேயே. தன் கட்சிக்காரர் என்றும் பார்க்கவில்லை. 1905-இல் ஆணையம் வந்தது.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். வேட்பாளரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் சட்டத்தை 1904 நவம்பரில் வாக்காளர்கள் ஏற்றார்கள். மாநிலம் முழுக்க அது முதலில் நடைமுறைக்கு வந்தது 1906-இல். அதற்குள் இவர் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்குப் போய்விட்டார். தன் ஆதரவாளர் லென்ரூட்டை ஆளுநராக்கப் பாடுபட்டார். ரிபப்ளிகன் வாக்காளர்கள் அவரை எதிர்த்து நின்ற டேவிட்சனைத் தேர்ந்தெடுத்தார்கள். வணக்கம்.